300 என்றால் விரல், 330 என்றால் மாப்பிள்ளை

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. காரியாபட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் தனியாக இருக்கிறார். இருபது வருஷத்துக்கு மேல் கரி மூட்டத்தில் வேலை பார்த்தவர். சீமைக்கருவேலங்கட்டையை அடுக்குவது, மூட்டம் பிரித்ததும் கரி பொறுக்கிச் சாக்கில் கட்டுவது என்று எல்லாம் வெறுங்கைதான். இப்போது நூறு நாள் வேலைக்கும், சீசனில் பருத்தி எடுக்கவும் போகிறார். ரேஷன் கடையில் அவருக்குக் கைரேகை எப்போதுமே மல்லுக்கட்டுதான். முன்பெல்லாம் மூன்று நான்கு முறை வைத்தால் ஒரு தடவையாவது விழுந்துவிடும். தை மாதத்திலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை. ஊருக்குக் கைமிஷினோடு வந்து பணம் எடுத்துத் தருகிற வங்கி ஆளிடமும் இதே கதை. கடைக்காரர் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு வரச் சொல்கிறார். வரிசையில் நிற்கிற பெண்கள் எலுமிச்சம்பழம் தேய்க்கச் சொல்கிறார்கள். ஓடிபி அனுப்பலாம் என்றால் அது இறந்துபோன அப்பாவின் நம்பருக்குப் போகிறது. பக்கத்துத் தெருவில் ஒருவருக்கு வங்கியிலிருந்து பணம் போய்விட்டது என்று கேள்விப்பட்டு, என் வீட்டுக்காரர் யூடியூப் பார்த்து அம்மாவின் ஆதாரையும் எங்கள் ஆதாரையும் பாதுகாப்பாகச் செய்து வைத்திருக்கிறார். அதனால் அந்தப் பயம் இல்லை. ஆனால் அம்மா, "என் கையில ரேகையே அழிஞ்சுபோச்சு, நான் இருக்கேனா இல்லையான்னே அந்த மிஷினுக்குத் தெரியல" என்று கடைக்குப் போகவே கூசுகிறார். கோளாறு அவர் கையிலா, கடை மிஷினிலா? அம்மாவுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தால் இதெல்லாம் சரியாகுமா?

- ஒரு வாசகி, காரியாபட்டி

பதில்: எண்ணெய் பாட்டிலை முதலில் அடுப்படியில் கொண்டுபோய் வையுங்கள். கருவியின் கண்ணாடியில் எண்ணெய் படிந்தால் உங்கள் அம்மாவின் ரேகையோடு பின்னால் நிற்கிறவர்களின் ரேகையும் சேர்ந்து கலங்கும். எலுமிச்சை இன்னும் மோசம். ஏற்கெனவே காய்ந்துபோன தோலைப் புளிப்பு மேலும் காயவைக்கும். வெடிப்பு இருந்தால் எரிச்சல் வேறு.

கடைகளில் இருக்கிற கருவிகளில் பெரும்பாலானவை வெளிச்சத்தை வைத்துப் படம் எடுப்பவை. கண்ணாடிக்குள் கீழிருந்து ஒளி பாயும். விரலின் மேடு கண்ணாடியைத் தொடும் இடத்தில் ஒளி சிதறுவதால் அந்த இடம் கறுப்பாக விழும். பள்ளம் தொடாததால் ஒளி அப்படியே திரும்பி வந்து வெள்ளையாக விழும். மேடு நன்றாக ஒட்ட வேண்டுமென்றால் தோலில் துளி ஈரம் இருக்க வேண்டும். காய்ந்த விரலில் கோடாக வர வேண்டியது புள்ளி புள்ளியாக உடைந்து வரும். மென்பொருள் தேடுவது இரண்டே சங்கதிகளை: ஒரு ரேகை எங்கே முடிகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது. உடைந்த கோட்டில் ஒவ்வொரு புள்ளியும் ஒரு முடிவாகத் தெரிந்தால், ஆதாரில் பதிந்த ரேகையோடு அது எப்படிச் சேரும்?

உங்கள் அம்மாவின் கைக்கு இது கூடுதல் சோதனை. சாம்பல் காரம் நிறைந்தது. தோலின் எண்ணெய்ப் பசையை உறிஞ்சிவிடும். கரித்தூள் அரம் போல உராயும். பருத்தி எடுக்கும்போது காயின் ஓட்டு நுனி விரலைக் கீறும். சிமெண்டு, கல்குவாரி வேலையும் அப்படித்தான்; உங்கள் பக்கத்தில் கையைத் தேய்க்காத வேலையாகப் பார்த்தால் வாத்தியார் வேலையும் வட்டிக்கு விடுவதும்தான் மிஞ்சும் போலிருக்கிறது. வயது ஏற ஏறத் தோலின் இழுவை குறைந்து மேடுகளே தாழ்ந்துபோவதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

ஆனால் "ரேகையே அழிஞ்சுபோச்சு" என்பது உண்மையல்ல என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ரேகையின் அச்சு தோலின் உள்ளடுக்கில் இருக்கிறது. தேய்வது மேல்தோல், அது சுமார் ஒரு மாதத்தில் புதிதாக வளர்ந்துவிடும். ஆழமான தீக்காயமோ வெட்டோ உள்ளடுக்கைத் தொட்டிருந்தால்தான் அந்த இடத்தில் நிரந்தரமாகப் போகும். அதனால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பிக்கப் போவதென்றால் பருத்தி எடுக்கும் வாரத்தில் போகாதீர்கள். வேலை ஓய்ந்து மூன்று நான்கு வாரம் கழித்து, தினமும் இரவு கையில் ஏதாவது எண்ணெயோ வாசலினோ தடவிவந்து, போகிற அன்று காலையில் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். எண்ணெய்க்கு நேரம் அதுதான். கடை வாசல் அல்ல. புதுப்பிக்கும் கட்டணம் 2025 அக்டோபரிலிருந்து 125 ரூபாய். அதே தடவையில் செல்போன் எண்ணையும் மாற்றிக்கொண்டால் அதற்குத் தனியாகக் கேட்கக் கூடாது.

கடையில் செய்யவேண்டியது: வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவி, துடைத்து, லேசான ஈரத்தோடு வைக்கட்டும். கருவியின் கண்ணாடியையும் ஒரு துணியால் துடைக்கச் சொல்லுங்கள். முந்தைய ஆளின் ரேகைப் படிவு அதில் இருக்கும். கட்டைவிரலையே திரும்பத் திரும்ப வைக்க வேண்டாம். கைநாட்டு வைத்த காலத்துப் பழக்கத்தில் நம்மவர்கள் நேராகக் கட்டைவிரலைத்தான் நீட்டுகிறார்கள். ஆதாரில் பத்து விரலும் பதிந்திருக்கிறது. வேலையில் அதிகம் தேயாதது இடது கை மோதிர விரல். அதை ஒரு முறை முயன்று பாருங்கள்.

இவ்வளவும் சொன்னாலும், உங்கள் அம்மாவின் இன்றைய சிக்கல் விரலில் இல்லை என்றே நினைக்கிறேன்.

தோல் தேய்ந்து வருகிற கோளாறு ஒழுங்கில்லாமல் வரும். நான்கில் ஒரு தடவை விழும். மழைக்காலத்தில் கொஞ்சம் நன்றாக விழும். பருத்தி சீசனில் மோசமாகும். "முன்பெல்லாம்" என்று நீங்கள் எழுதியது சரியாக அதுதான். தை மாதத்திலிருந்து ஒரு தடவைகூட விழவில்லை, அதுவும் இரண்டு வெவ்வேறு கருவியில் விழவில்லை என்றால், விரல் அப்படி ஒரே நாளில் மாறாது. கடைக் கருவியும் வங்கி ஆளின் கருவியும் ஒரே வாரத்தில் கெட்டுப்போகவும் வாய்ப்பில்லை. இரண்டுக்கும் பொதுவாக இருப்பது அம்மாவின் ஆதார் எண். அதன்மேல் கைவைத்தவர் யார் என்று உங்கள் கடிதமே சொல்கிறது.

உங்கள் வீட்டுக்காரர் பெரும்பாலும் எம்-ஆதார் செயலியில் பயோமெட்ரிக் பூட்டைப் போட்டிருக்கிறார். அதைப் போட்டால் ரேகை, கருவிழி, முகம் மூன்றும் சேர்ந்து பூட்டிக்கொள்ளும். அதன் பிறகு ஆதாரில் பதிந்தபோது இருந்ததைவிடத் தெளிவான விரலை வைத்தாலும் மறுமொழி "இல்லை"தான்.

அவரைத் திட்டிவிடாதீர்கள். அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. வங்கி ஆளின் கருவியில் நடப்பது, ஆதார் எண்ணும் ரேகையும் இருந்தால் ஓடிபி இல்லாமலே பணம் எடுக்கிற முறை. 2018இல் தெலங்கானாவில் பதிவுத்துறையின் இணையதளத்தில் கிடந்த பத்திரங்களிலிருந்து ரேகைகளைப் பிரதியெடுத்து, அவற்றை வைத்து ஆயிரக்கணக்கில் சிம் கார்டுகளை இயக்கிவைத்த ஒரு கடைக்காரர் பிடிபட்டார். நிலம் விற்றபோது வைத்த கைநாட்டு, யாரோ ஒருவர் கடையில் ரப்பர் அச்சாகிவிட்டது. பூட்டு நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதைப் போடுகிற நேரத்தில் "இனி இந்த ஆளுக்கு ரேகை வைத்து ரேஷன் விழாது, வங்கி ஆளிடம் பணம் எடுக்க முடியாது" என்று நல்ல தமிழில் பெரிய எழுத்தில் கேட்டு, சரி என்று சொன்ன பிறகல்லவா பூட்ட வேண்டும்? யூடியூபில் வீடியோ போடுகிறவர்களும் பாதுகாப்பை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுடைய மாமியார் யாரும் ரேஷன் வரிசையில் நிற்பதில்லை போலும்.

என் ஊகத்தைச் சரிபார்க்க வழி இருக்கிறது. ரேகை ஆதார் ஆணையத்தின் கணினிக்குப் போய்த் திரும்பும்போது வெறும் "இல்லை" என்று வருவதில்லை. எதனால் இல்லை என்று ஒரு எண்ணும் வரும். 300 வந்தால் ரேகை பொருந்தவில்லை: அது விரலின் கதை, அல்லது அழுக்குக் கண்ணாடியின் கதை. 330 வந்தால் ஆதார்தாரரே பூட்டிவைத்திருக்கிறார். 811 வந்தால் ஆணையத்தின் பதிவிலேயே அந்த ரேகை இல்லை. மையத்துக்குப் போய்ப் புதிதாகப் பதிய வேண்டும். இதில் எதுவும் வராமல் வெறுமனே சுற்றிக்கொண்டே இருந்தால் சிக்னல் இல்லை. கடைக்காரரிடமோ வங்கி ஆளிடமோ, "அண்ணே, திரையில என்ன நம்பர் காட்டுது?" என்று மட்டும் கேளுங்கள். நம்பர் இல்லாமல் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தாலும் அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். காரணம் கணினிக்குத் தெரிகிறது. மூன்று வித்தியாசமான கோளாறுக்கு மூன்று வித்தியாசமான எண்ணை அது அனுப்பவும் செய்கிறது. கடைசியில் கடை வாசலில் நிற்கிற பெண்ணின் காதில் விழுவது "கை சரியில்லை" என்ற ஒற்றைத் தீர்ப்பு. தராசு தப்பு காட்டினால் நாம் அரிசியைக் குறை சொல்வதில்லை; இங்கே மட்டும் கருவி தடுமாறினால் கைக்குப் பழி. இது அபூர்வமான கோளாறும் அல்ல. 2018 மார்ச்சில் ஆதார் ஆணையத்தின் தலைமை அதிகாரி அஜய் பூஷண் பாண்டே உச்ச நீதிமன்றத்தில் திரையிட்டு விளக்கியபோது, அரசுச் சேவைகளில் சரிபார்ப்பின் வெற்றி 88 சதவீதம் என்றார். மீதி 12 பேரில் எத்தனை பேர் கரி அள்ளியவர்கள், எத்தனை பேர் கல் உடைத்தவர்கள் என்று யாரும் பிரித்துச் சொல்லவில்லை. பிரித்துச் சொல்லத் தேவையும் இல்லை. அது எந்தக் கைகளாக இருக்கும் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும்.

அம்மா கூசுகிறார் என்றீர்கள். தென்மாவட்டத்துக்காரர்களுக்கு ரேகையோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. வங்காளத்தில் 1858இல் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ஒப்பந்தம் போட்டவர் பின்னால் மறுத்துப் பேசக் கூடாது என்று கைப்பதிவு வாங்கியதில் தொடங்கிய பழக்கம், அரை நூற்றாண்டில், பிறப்பை வைத்தே குற்றவாளி என்று எழுதிவைத்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் ஆயுதமாகி மதுரைச் சீமைக்கு வந்தது. 1920 ஏப்ரல் 3ஆம் தேதி உசிலம்பட்டிக்குப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்துத் திரண்ட மக்கள்மேல் போலீஸ் சுட்டதில் 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் போனது 1947இல். அன்று ரேகை வைக்க மாட்டேன் என்று சொன்னவர்களுக்குத் துப்பாக்கிக் குண்டு. இன்று ரேகை வைக்கிறேன் என்று கையை நீட்டுகிறவருக்கு "நீ இல்லை" என்ற பதில். இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்ல மாட்டேன். இன்றைய கருவி ஒருவரைக் குற்றவாளியாக எழுதிவைப்பதற்கு வந்ததல்ல, போலி அட்டையைப் பிடிக்க வந்தது. ஆனால் கை கூசுவதற்கு ஒரு காரணம் உண்டு, அது அம்மாவோடு தொடங்கியதல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி செய்ய வேண்டியதைப் பார்ப்போம். இன்று மாலையே வீட்டுக்காரரிடம் அந்தச் செயலியைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பூட்டு இருந்தால் முழுதாக எடுத்துவிடலாம். அல்லது தற்காலிகமாகத் திறக்கலாம். தற்காலிகம் என்றால் பத்து நிமிடம், பிறகு தானாகப் பூட்டிக்கொள்ளும். ரேஷன் வரிசையைப் பார்த்தவர் யாரும் பத்து நிமிடக் கணக்கு போட மாட்டார். ஆனால் அம்மா கருவிக்கு முன்னால் வந்ததும் ஒரு போன் போட்டு, "மாப்பிள்ளை, இப்ப தொறங்க" என்று சொல்வதாக ஏற்பாடு செய்துகொண்டால் இது ஓடும். பணமும் பத்திரம், பருப்பும் கிடைக்கும். இதற்கு அவர் வேலைக்கு நடுவில் போனை எடுக்கிற ஆளாக இருக்க வேண்டும். அதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

பூட்டே இல்லை, எண் 300தான் என்று தெரிந்தால் என் ஊகம் தவறு. மேலே சொன்ன கழுவுதல், மோதிர விரல், புதுப்பித்தல் என்ற வழிக்குப் போங்கள்.

எது எப்படியானாலும் ரேகை விழவில்லை என்பதற்காக அரிசி இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. 24.10.2017 அன்று மத்திய உணவுத்துறை எல்லா மாநிலங்களுக்கும் எழுதிய உத்தரவில் இது தெளிவாக இருக்கிறது: ஆதார் இல்லாததாலோ, ரேகை பொருந்தாததாலோ, இணைப்புக் கோளாறாலோ தகுதியுள்ளவருக்கு மறுக்கக் கூடாது. ஆதார் ஆணையத்தின் ஒழுங்குமுறையும் இப்படிப்பட்டவர்களுக்கு மாற்று ஏற்பாடு வைத்திருக்கச் சொல்கிறது. நம் மாநிலத்தில் அந்த மாற்று, ஸ்மார்ட் கார்டை ஸ்கேன் செய்வது, ஓடிபி, கருவிழிக் கருவி வந்துவிட்ட கடைகளில் கருவிழி. புரை விழுந்த கண்ணில் கருவிழியும் தடுமாறும், அதையும் நினைவில் வையுங்கள். கடைக்குப் போகவே முடியாத உடம்பு என்றால் வேறொருவர் வாங்கிவர அங்கீகாரச் சான்றுப் படிவம் இருக்கிறது. வட்ட வழங்கல் அலுவலகத்தில் கேட்கலாம். 2025 ஆகஸ்டில் தொடங்கிய தாயுமானவர் திட்டத்தில் வீட்டுக்கே பொருள் வருகிறது, ஆனால் அது 70 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் என்று வந்த திட்டம். அம்மாவுக்கு வயது போதாது.

கடைக்காரரோடு சண்டைக்குப் போகாதீர்கள். கருவியில் பதியாமல் பொருள் கொடுத்தால் இருப்புக் கணக்கில் குறை விழும். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எடைத் தராசைக் கருவியோடு இணைத்த பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் அவரும்தான் காத்து நிற்கிறார். அவர் முடியாது என்றால் 1967க்கு அல்லது 1800 425 5901க்குப் போன் செய்யுங்கள். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வட்டம்தோறும் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும். எடுத்த படத்தோடு அங்கே போங்கள். மாதம் முடிவதற்குள் போகவேண்டும். 30 ரூபாய்ப் பருப்பும் 25 ரூபாய்ப் பாமாயிலும் அடுத்த மாதத்துக்குச் சேர்த்துக் கேட்டால் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

வங்கி ஆளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ரேகை விழவில்லை என்று அவர் சொன்ன பிறகு கணக்கில் பணம் குறைந்திருந்தால், பதறாமல் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வரவேண்டும்; தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. ஒவ்வொரு தடவையும், பணம் வராத தடவையிலும், சீட்டு கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

அப்பாவின் நம்பரை உடனே மாற்றுங்கள். இதைத்தான் எல்லாரும் தள்ளிப்போடுகிறார்கள். ரேஷன் கார்டில் இருக்கிற நம்பரும் ஆதாரில் இருக்கிற நம்பரும் தனித்தனி ஏடுகளில் இருப்பவை. ஒன்றில் மாற்றினால் மற்றதில் மாறாது. அம்மாவின் ஆதாரில் மாப்பிள்ளையின் நம்பர் இருக்கிறது (இல்லையென்றால் அவரால் பூட்டியிருக்க முடியாது). ரேஷன் கார்டில் அப்பாவின் நம்பர். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாத நம்பரைக் கம்பெனி நிறுத்திவிடலாம்; பிறகு அது வேறொருவருக்குப் போகும். அப்பாவின் நம்பர் இந்நேரம் எங்கோ ஒரு கல்லூரிப் பையனிடம் இருந்து, மாதாமாதம் பருப்புக்கான ஓடிபி அவனுக்குப் போய்க்கொண்டிருக்கலாம்.

ஸ்மார்ட்போன் வேண்டாம். அம்மாவின் கஷ்டத்தில் எதையும் அது தீர்க்காது. காய்ந்த விரலுக்குத் தொடுதிரையும் அடிக்கடி அடங்காது; மாதம் ஒரு அப்டேட் கேட்கும்; கண்டதை அமுக்கிப் பணம் போகும் பயம் வேறு சேரும். அம்மாவின் பெயரில் ஒரு சிம், ஒரு பட்டன் போன் போதும். ஜியோ சிம் என்றால் 4ஜி பட்டன் போனாகப் பார்த்து வாங்குங்கள், பழைய 2ஜி போனில் அது வேலை செய்யாது. பேசவும் மெசேஜுக்கும் மட்டுமான பேக் தரவேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டிருக்கிறது. ரீசார்ஜ் கடையில் டேட்டா பேக்கைத்தான் முதலில் சொல்வார்கள், நீங்கள் பெயர் சொல்லிக் கேளுங்கள். அந்த நம்பரை முதலில் ரேஷன் கார்டில் ஏற்றுங்கள். ஆதாரிலும் ஏற்றுவதா, மாப்பிள்ளையின் நம்பரே இருக்கட்டுமா என்பதை அவர் பூட்டை எடுக்கிறாரா இல்லையா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். நம்பர் மாறிய பிறகு அந்தப் பூட்டைத் திறக்கிற ஓடிபி அம்மாவின் பட்டன் போனுக்குத்தான் வரும்.